கேட்ட அருவியும் கண்ட அருவியும்

மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்று மாணாக்கருக்குச் சொல்லிக்கொடுப்பது தமிழாசிரியன் தொழில். அத்தொழிலை யான் முப்பது ஆண்டுக்கு மேலாகச் செய்து வருகின்றேன். தெய்வம் முருகன், மரம் வேங்கை, சந்தனம், அகில், பறை தொண்டகம், யாழ் குறிஞ்சியாழ், நீர் அருவியும் சுனையும் என்று விரலை மடக்கி மடக்கி ஒப்புவிப்பேன். பிள்ளைகளும் விரலை மடக்கி மடக்கி ஒப்புவிப்பார்கள். பரீட்சை முடியும், விரல்கள் நிமிரும், குறிஞ்சி பறந்துவிடும்.

ஒரு நாள் வகுப்பில் அருவியோசைக்கு முழவை உவமை கூறும் சங்கப் புலவர் மரபை விளக்கிக் கொண்டிருந்தேன். முழவாவது ஒருவகை மத்தளம். மலையிலிருந்து இழியும் நீர் கல்லில் மோதி எழுப்பும் ஒலி, கூத்தர் முழக்கும் முழவொலியை ஒக்கும் என்று சொல்லி, மேசையிலும் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினேன். முன்வரிசையில் இருந்த பெண்பிள்ளை ஒருத்தி எழுந்து நின்றாள்.

“ஐயா, நீங்கள் கேட்டிருக்கிறீர்களோ?”

“எதனை?”

“அருவியின் சத்தத்தை.”

யான் கேட்டதில்லை. “நூலிற் கேட்டிருக்கிறேன், பிள்ளை” என்று சொல்லிச் சிரித்தேன். வகுப்பும் சிரித்தது. அவள் மாத்திரம் சிரிக்கவில்லை. அமர்ந்துகொண்டாள். அன்று மிகுதிப் பாடம் எனக்கு ஓடவில்லை.

ஓடாமைக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதனைப் பின்னர்ச் சொல்கின்றேன்.

மலையில்லாத ஊர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. கீரிமலை உண்டே என்பீர்கள். அங்கே கீரியைக் காண்பதும் அரிது, மலையைக் காண்பதும் அரிது, கேணி உண்டு. ஆறு என்று பெயர் கொண்டது வழுக்கையாறு ஒன்று. அது மாரியில் ஓடும். கோடையில் அதன் பெயர்தான் ஓடும். சுண்ணக்கல்லின் கீழே தங்கிய நீரைக் கிணற்றால் அள்ளி வாழும் மக்கள் நாம். எமக்கு நீர் என்பது கீழிருந்து மேலே வருவது. மேலிருந்து கீழே வரும் நீர் மழை ஒன்றுதான்.

காணாமைக்கு நிலம் மட்டும் காரணமன்று. 1990 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. அது மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்து சேர்ந்தது 2014 இல். இடையே கண்டி வீதி மூடியதும், 2002 இல் திறந்ததும், 2006 இல் மீண்டும் மூடியதும், 2009 இன்பின் திறந்ததும் யாவரும் அறிந்த கதை. எம் தலைமுறை ஆசிரியர் பலர் குறிஞ்சியைப் படித்ததும் படிப்பித்ததும் மலையைக் காணாமலே என்பதில் வியப்பில்லை. ஆயினும், வழி திறந்து பத்தாண்டாகியும் போகாமலிருந்ததற்குப் போரைக் குறைசொல்ல முடியாது. அது என் சோம்பல்.

அந்தப் பிள்ளையின் கேள்வி அச்சோம்பலைக் கெடுத்தது. 2019 ஆம் ஆண்டு மாசி மாதத்தில், மாணாக்கர் பதினால்வரும் உடன் ஆசிரியை ஒருவருமாக மலைநாட்டுக்குப் புறப்பட்டோம். போகுமிடம் ஹோட்டன் சமவெளித் தேசிய பூங்கா. நோக்கம் அருவி காண்டல்.

ஏறுவழி

கண்டிவரை பேருந்து. கண்டியிலிருந்து புகையிரதம். நாவலப்பிட்டி கழிந்ததும் வண்டி முக்கி முக்கி ஏறத் தொடங்கிற்று. இப்பாதை நானுஓயாவை அடைந்தது 1885 இல். பதுளையை அடைந்தது 1924 இல். இருபுறமும் தேயிலை. கொழுந்து கிள்ளும் பெண்களின் முதுகிற் கூடை. பிள்ளைகள் கைகாட்டினார்கள், அவர்களும் கைகாட்டினார்கள்.

தலவாக்கலைக்கு அணித்தாகச் சென் கிளயர் அருவி தெரியும், யன்னலருகே நில்லுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தேன். ஏறத்தாழ 80 மீற்றர் உயரமுடைய அந்த அருவி, அகலத்தாற் பெயர்பெற்றது. யாங்கள் கண்டது கருங்கல்லில் ஒட்டிய சில வெண்கோடுகள். மேற் கொத்மலை நீர்மின் திட்டம் 2012 இல் இயங்கத் தொடங்கியபின், அருவிக்கு வரவேண்டிய நீரிற் பெரும்பகுதி மலைக்குள் அமைந்த சுரங்கவழியாக மின்னிலையத்துக்குச் செல்கின்றது. அருவியாய் விழுவதற்கென ஒரு பகுதி அளந்து விடப்படுகின்றது. “அருவிக்கும் பங்கீட்டு அட்டையோ, ஐயா?” என்றான் ஒரு பையன். சிரித்தோம். அந்த மின்சாரத்தில் எம் வீட்டு விளக்கும் எரிகின்றது என்ற நினைவு வந்ததும் சிரிப்பு அடங்கிற்று.

பிற்பகலிற் பட்டிப்பொலையில் இறங்கினோம். கடல் மட்டத்துக்கு மேல் 1,890 மீற்றர் அளவில் அமைந்த இந்நிலையமே இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம். இறங்கியதும் எல்லோர் வாயிலிருந்தும் புகை வந்தது. பிள்ளைகளுக்கு அது பெரும் வேடிக்கை. குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம் என்பது பாடம். அன்றிரவு யாமத்தில், இருந்த போர்வை எல்லாவற்றையும் போர்த்தியும் உறக்கம் வராமற் கிடந்தபோது, அப்பாடத்தின் பொருள் எலும்புவரை விளங்கிற்று.

பெருவெளி

விடியுமுன் வாடகை வண்டி வந்தது. சாரதி அயலிலுள்ள தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த தமிழர், நாற்பது வயதிருக்கும். என்னை “வாத்தியாரய்யா” என்று அழைத்தார். யான் அவரைத் “தம்பி” என்றேன்.

பூங்காவின் வாயிலிற் பைகளைத் திறந்து பார்த்தார்கள். உணவு சுற்றிய பொலித்தீன் உறைகளையும் தண்ணீர்ப் போத்தலிற் சுற்றிய தாள்களையும் அகற்றினார்கள். பிள்ளைகள் முணுமுணுத்தனர். மரைகள் உறைகளைத் தின்று இறந்துபோகின்றன என்று அறிந்ததும் தாமாகவே பைகளைக் கொட்டிக் காட்டினார்கள்.

ஹோட்டன் சமவெளி 3,160 ஹெக்டேயர் அளவான மேட்டுநிலம்; உயரம் 2,100 மீற்றருக்கு மேல். இலங்கையின் இரண்டாவது உயர்ந்த சிகரமாகிய கிரிகல்பொத்தையும் (2,395 மீற்றர்), மூன்றாவதாகிய தொட்டுபொல மலையும் (2,357 மீற்றர்) இதன் எல்லைக்குள் நிற்கின்றன. தொட்டுபொல மலை இராவணனுடைய விமானம் வந்திறங்கிய துறை என்று ஊர்க்கதை கூறும். சிங்கள மக்கள் இவ்விடத்தை மகா எலிய என்பர். எலிய என்பது ஒளியையும் வெட்டவெளியையும் குறிக்கும் சொல். பெருவெளி என்று தமிழிற் சொல்லலாம். 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த சேர் றொபேட் வில்மட் ஹோட்டனுடைய பெயர் பின்னர் ஏறிற்று. வெளியை மக்கள் அறிந்திருந்தனர். ஆங்கிலேயர் படத்திற் பெயரைக் குறித்தனர். குறித்த பெயரே நிலைத்தது.

ஆயினும், ஆங்கிலேயருள் ஒருவருக்கு நாம் நன்றி கூறவேண்டும். ஜோசப் ஹூக்கர் என்னும் தாவரவியலறிஞர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை வெட்டாமல் விடுமாறு 1873 இல் அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறினார். கோப்பிக்காகக் காடுகள் அழிந்துகொண்டிருந்த காலம் அது. அச்சொல் கேட்கப்பட்டமையால் இக்காடு எஞ்சிற்று. சுதந்திரத்தின்பின் 1960களில் சில ஆண்டுகள் இவ்வெளியில் விதை உருளைக்கிழங்கும் பயிரிடப்பட்டது. 1969 இல் இது இயற்கை ஒதுக்கிடமாயிற்று. 1988 இல் தேசிய பூங்காவாயிற்று. 2010 இல் இலங்கையின் மத்திய மேட்டுநிலங்கள் என்ற பெயரோடு உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

வேட்டைக்காரர் தங்கிய ஃபார் விடுதி இன்று பார்வையாளர் நிலையம். அங்கிருந்து நடைவழி தொடங்குகின்றது. புல்வெளியிற் பனித்துளி, ஞாயிற்றின் முதற்கதிர், தொலைவில் ஒரு மரை தலைநிமிர்ந்து எம்மைப் பார்த்தது. பிள்ளைகள் ஒருவரும் பேசவில்லை. பதினான்கு பிள்ளைகளை ஏககாலத்திற் பேசாதிருக்கச் செய்தது அந்த மரை ஒன்றுதான். என்னால் ஒருநாளும் இயன்றதில்லை.

வெளியைக் கடந்தால் வழி பிரிகின்றது. இடப்புறம் சென்றால் உலக முடிவு. வலப்புறம் சென்றால் பேக்கர் அருவி. இரண்டையும் சேர்த்துச் சுற்றிவர ஒன்பதரைக் கிலோமீற்றர் அளவு நடக்கவேண்டும். உலக முடிவு என்பது ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்துக்கு நிலம் அறுந்துவிழும் செங்குத்து. காலை ஒன்பது பத்து மணிக்குள் முகில் ஏறி அதனை மறைத்துவிடும். ஆகையால், வருவோர் யாவரும் முதலில் இடப்புறம் விரைவர். “உலக முடிவைத் தவறவிடாதீர்கள்” என்று ஒருவர் எமக்கும் அறிவுரை சொன்னார். யாங்கள் அருவிக்கு வந்தவர்கள். வலப்புறம் திரும்பினோம்.

முகிலைப் பிழியும் காடு

புல்வெளி முடிந்ததும் காடு. மரங்கள் நெட்டையாய் வளரவில்லை. காற்றுக்கு அஞ்சினாற்போலக் குறுகிக் கூனி, மேற்பரப்பு குடைபோலத் தட்டையாய் நிற்கின்றன. அடிமுதல் நுனிவரை பாசி. கிளைதோறும் நரைத்தாடி போன்ற கொடிப்பாசி. சிங்களத்திற் கீன எனப்படும் மரங்களும், மகா ரத்மல் எனப்படும் செம்பூ மரங்களும் இங்கே மிகுதி.

இம்மரங்கள் மழையை எதிர்பார்த்து மட்டும் வாழ்வனவல்ல. முகில் காட்டினூடே நகரும்போது அதன் நுண்டுளிகள் இலையிலும் பாசியிலும் படிந்து, திரண்டு, சொட்டுகின்றன. மழை பெய்யாத நாளிலும் காட்டினுள் நிலம் நனைகின்றது. மலையில் மேகம் தங்கும் என்று புலவர் பாடுவதைக் கற்பனை என்று எண்ணியிருந்தேன். தங்குவது மட்டுமன்று, தங்கியதற்கு வாடகையும் கொடுத்துச் செல்கின்றது! அவ்வாடகையைப் பஞ்சு போன்ற மண்ணும் சதுப்பும் வாங்கி வைத்துச் சிறிது சிறிதாக ஓடைக்குக் கொடுக்கின்றன. மாசி மாதக் கோடையிலும் இங்கே ஓடை வற்றாமைக்கு அதுவே காரணம்.

வழியோரம் புதராய் நின்ற ஒரு செடியை ஆசிரியை காட்டினார். சிங்களத்தில் நெலு என்பார்கள். குறிஞ்சிச் செடிக்கு நெருங்கிய இனம். நீலகிரிக் குறிஞ்சியைப் போலவே பன்னீராண்டுக்கு ஒருமுறை பெருவாரியாகப் பூப்பது. 2013 இல் இவ்வெளி பூத்தது. யாங்கள் சென்றபோது இலை மட்டும். பிள்ளைகள் அந்த இலையைத் தொட்டுப் பார்த்தார்கள். “திணைக்குப் பெயர் கொடுத்த பூவின் தங்கச்சி” என்றாள் ஒருத்தி. உறவுமுறை சரியே.

காட்டின் துயரையும் சொல்லவேண்டும். இடையிடையே மரங்கள் நின்றபடி பட்டுப்போய், வெள்ளெலும்பாய் நிற்கின்றன. பல பத்தாண்டுகளாக இந்நோய் பரவுகின்றது. அன்றியும், ஆங்கிலேயர் கொண்டுவந்த மஞ்சட்பூ முட்செடியொன்று புல்வெளியைக் கவர்ந்துகொண்டு வருகின்றது. பூங்காவினர் அதனைப் பிடுங்கிக் களைகின்றனர். அற்றுப்போயிற்று என்று கருதப்பட்ட ஒருவகைத் தேவாங்கின் நிழற்படம் இக்காட்டில் எடுக்கப்பட்டு 2010 இல் வெளிவந்தது என்பது இவற்றிடையே ஓர் ஆறுதல்.

முழவு கேட்டது

பாதி வழியில் அந்தப் பிள்ளை நின்றாள். எல்லோரையும் கையமர்த்தினாள்.

“ஐயா, கேட்கிறது.”

யான் செவி கொடுத்தேன். காட்டுக்கு அப்பால், ஆழத்தில், ஒரு முழக்கம். காற்று வரும்போது உயர்ந்தது, போகும்போது தாழ்ந்தது. உயர்ந்தும் தாழ்ந்தும் வருவதால் தாளம் போல இருந்தது. யாரோ ஒருவர் மலைக்கு அப்புறத்தில் மத்தளத்தை மெல்லத் தட்டுவது போல. முழவுதான்! முப்பதாண்டு சொல்லிக்கொடுத்த உவமையை அன்றுதான் காதாற் கேட்டேன். அந்நிலையில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சிறிது பெருமையாகவும் இருந்தது. நூல் பொய்யன்று என்ற பெருமை.

வழி செங்குத்தாக இறங்கிற்று. வேரையும் கம்பியையும் பிடித்து இறங்கினோம். இறங்க இறங்க ஒலி பெருகிற்று. மரங்கள் விலகின. அருவி தோன்றிற்று.

இருபது மீற்றர் அளவு உயரம். பெலிஹுல் ஓயா என்னும் ஓடை கருங்கற் படிகளில் விரிந்து, பல பிரிவாகப் பிரிந்து, வெண்ணுரையாக இறங்குகின்றது. கீழே கரிய மடு. சாரல் முகத்திற் படுகின்றது. நுவரெலியாவிற் பண்ணை அமைத்து வாழ்ந்தவரும், பின்னாளில் 1864 இல் ஆபிரிக்காவின் அல்பேட் ஏரியைச் சென்று கண்டவருமான சேர் சாமுவேல் பேக்கருடைய பெயர் இதற்கு. மடுவில் இறங்கிக் குளிக்கலாகாது. வழுக்குப் பாறையும் சுழியும் உயிரைக் கொண்டுபோகும். கட்டியிருக்கும் மேடையில் நின்று காண்பதே முறை.

பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். சிறிது நேரங்கழித்துக் கண்ணைத் திறந்து, ஒலிக்கு மேலாகக் கத்திச் சொன்னாள்:

“ஐயா, முழவு இல்லை! கிட்ட வர முழவு போய்விட்டது!”

கேட்டேன். உண்மைதான். இங்கே தாளம் இல்லை; தட்டு இல்லை; இடைவெளி இல்லை. ஒரே ஒலி. ஓட்டுக் கூரைமேல் ஐப்பசி அடைமழை நில்லாமற் பெய்வது போன்ற ஒலி.

அவ்வளவில் என் உடம்பு குளிர்ந்தது. சாரலினாலன்று.

ஒரு புள்ளி

முன்னர்ச் சொல்லாமல் விட்ட காரணத்தை இங்கே சொல்கின்றேன்.

1994 ஆம் ஆண்டு. யான் ஆசிரியத் தொழிலுக்கு வந்து நெடுங்காலமாகவில்லை. இளம் பண்டிதன், ஆகையால் மிகுந்த பண்டிதன். உயர்தர வகுப்பில் மலைநாட்டிற் பிறந்த மாணாக்கன் ஒருவன் இருந்தான். 1983 ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் அவன் குடும்பம் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து குடியேறியது. அவன் யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படித்தான். தவணைப் பரீட்சையில், அருவியோசைக்குப் புலவர் கூறும் உவமை யாது, அதன் பொருத்தத்தை விளக்குக என்று வினாக் கொடுத்தேன். எல்லோரும் முழவு என்றெழுதி விளக்கினார்கள். அவன் எழுதினான்: முழவு என்று பாடத்திற் சொல்லப்பட்டது, ஆயினும் அருவியின் சத்தம் மழை விடாமற் பெய்வது போன்றது, சிறுவயதில் அதன் கீழே நின்று கேட்டிருக்கிறேன்.

யான் சிவப்பு மையாற் குறுக்கே கீறினேன். ‘நூலில் உள்ளதை எழுதுக’ என்று ஓரத்தில் எழுதினேன். விடைத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அவன் ஒன்றும் சொல்லவில்லை. வாதாடியிருந்தால் எனக்கு மறந்திருக்கும். 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்தது. அதன்பின் அவனை யான் காணவில்லை.

பேக்கர் அருவியின் முன் நின்றபோது அந்தச் சிவப்புக் கீற்று என் கண்முன் வந்தது. வகுப்பில் அருவியைக் கேட்டவன் அவன் ஒருவனே. கேளாத யான் அவனுக்குப் பிழை போட்டேன்.

நிற்குமிடம்

மேடையில் நின்றபடியே பிள்ளைகளை வினாவினேன்: “புலவர் பொய் சொன்னாரோ?”

சிலர் ஆம் என்றனர். சிலர் இல்லை என்றனர். “அப்படியானால் வந்த வழியே ஏறுவோம்” என்றேன். நூறு அடி ஏறினோம். ஒலி தேய்ந்தது. இன்னும் நூறு அடி. காற்றும் காடும் இடையிற் புகுந்தன. முழவு திரும்பி வந்தது!

பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது. யான் விளக்கவேண்டியிருக்கவில்லை. குறிஞ்சிப் பாடல்களில் அருவியைக் கேட்போர் பெரும்பாலும் அருவியின் கீழே நிற்பவரல்லர். சிறுகுடியில், தினைப்புனத்தில், இரவில் மனைக்குள் இருந்து கேட்பவர். அவர்களுக்கு அது முழவு. கீழே நிற்பவனுக்கு அது மழை. உவமைக்கும் நிற்குமிடம் ஒன்று உண்டு. அவ்விடத்தை அறியாமல் உவமையை மட்டும் எடுத்துச் சொல்வது, வீட்டு இலக்கத்தைச் சொல்லி வீதியைச் சொல்லாமல் விடுவது போன்றது. மலையில் எழும் ஓசைகளை அடுக்கிச் சொல்லி, அதனாலேயே பெயரும் பெற்ற மலைபடுகடாம் என்னும் பாட்டை இனிப் படிப்பிக்கும்போது, ஒவ்வோர் ஓசையையும் எங்கே நின்று கேட்டது என்று கேட்காமல் விடேன்.

உலக முடிவுக்குச் சென்று சேர்ந்தபோது மணி பத்தரை. வெள்ளைச் சுவர்போல முகில். ஒன்றும் தெரியவில்லை. “உலக முடிவு தெரியாமலிருப்பதும் நல்லதுதான், ஐயா” என்றான் முன்னே பங்கீட்டு அட்டை பற்றிச் சொன்ன பையன்.

நீர்வீழ்ச்சியும் பீலியும்

அன்று பிற்பகல் ஒகியா, ஹப்புத்தளை வழியாக இறங்கிக் களுபஹனச் சந்தியை அடைந்து, அங்கிருந்து பம்பரகந்த அருவிக்குச் சென்றோம். 263 மீற்றர் உயரமுடைய இதுவே இலங்கையின் மிக உயர்ந்த அருவி. வண்டியை விட்டுச் சிறிது தூரம் நடந்தால் போதும். பைன் மரங்களுக்கிடையே, செங்குத்துப் பாறையில் ஒரு வெண்டுகிலை நனைத்துத் தொங்கவிட்டாற்போலத் தெரிந்தது. மாசி மாதமாதலால் துகிலின் அகலம் குறைவு. அடிவரை சென்றால் துகில் இல்லை. காற்றிற் சிதறும் தூறல் மட்டும். “இதற்கும் நிற்குமிடம் உண்டு, ஐயா” என்று பிள்ளைகள் என்னை முந்திக்கொண்டார்கள்.

அங்கே ஒரு சொல்லாராய்ச்சியும் நடந்தது. பெயர்ப்பலகையில் நீர்வீழ்ச்சி என்றிருந்தது. பழைய சொல் அருவி. நீர்வீழ்ச்சி பிற்காலத்தில் ஆங்கிலச் சொல்லை ஒட்டி ஆக்கிய தொடர். அதனை வெறுக்கவேண்டியதில்லை, புவியியல் நூலுக்கு அது வேண்டும். ஆனால், அது வீழும் கணத்தை மட்டும் சொல்கின்றது. அருவி என்பது மலையிலிருந்து ஓடிவருவதையும் வீழ்வதையும் சேர்த்துச் சொல்லும். குற்றாலத்து மக்கள் பேரருவி, ஐந்தருவி என்றே இன்றும் வழங்குவர்.

சாரதித் தம்பி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “உங்கள் தோட்டத்தில் எப்படிச் சொல்வீர்கள், தம்பி?” என்றேன்.

“எங்களுக்கு இதெல்லாம் பார்க்கிற தண்ணிங்க, வாத்தியாரய்யா. குடிக்கிற தண்ணி பீலியில வரும்” என்றார்.

பீலி என்றால் எனக்கு மயிற்றோகை. முருகன் ஊர்திக்கு உரியது, குறிஞ்சிக்கும் பொருந்தும். அவர் சொன்ன பீலி வேறு. மலையோடையிலிருந்து நீரைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து, லயத்துக்கு அருகே விழவிடும் இடம் பீலி. குடிப்பதும், குளிப்பதும், துவைப்பதும், ஊர்க்கதை பேசுவதும் பீலிக்கரையில். சிங்களத்தில் தண்ணீர் வீழும் தூம்பைப் பீல்ல என்பர். அதிலிருந்து வந்திருத்தல் கூடும். மலையையே வாழ்விடமாகக் கொண்ட தமிழர், இருநூறு ஆண்டளவாய் வாழ்ந்த வாழ்வில் ஆக்கிக்கொண்ட சொல் அது. எம் நிகண்டுகளில் அப்பொருளில் அச்சொல் இல்லை. குறிஞ்சி நிலத்து நீருக்கு அருவி, சுனை என்று மடக்கிய விரல்களோடு இனி இன்னொரு விரலையும் மடக்கவேண்டும்.

“பீலியில் தண்ணீர் விழும் சத்தம் எப்படியிருக்கும், தம்பி?”

அவர் யோசித்தார். “கீழ நின்னா மழை மாதிரிங்க. ராவுல லயத்துல படுத்திருந்தா வேற மாதிரி.”

வேறொன்றும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

நீரின் பயணம்

ஹோட்டன் சமவெளியிலும் அதன் சாரலிலும் மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று பெரிய ஆறுகளுக்கும் தலைநீர் பிறக்கின்றது. பேக்கர் அருவியாய் வீழ்ந்த நீர் சமனலவெவ நீர்த்தேக்கத்தை அடைந்து, வளவையோடு கூடி, உடவளவைக்குக் கீழே வயல்களை நனைத்து, தெற்கே அம்பலாந்தோட்டைக்கு அருகிற் கடலிற் கலக்கின்றது. அம்மேட்டின் இன்னொரு பக்கத்திற் பிறந்த நீர் ஆக்ரா ஓயாவாகி, கொத்மலை ஓயாவோடு சேர்ந்து, மகாவலியாகி, கிழக்கே மூதூருக்கு அயலிற் கொட்டியாரக் குடாவை அடைகின்றது. ஒரு மலையின் முகில், ஒரு பக்கம் சிங்கள உழவனுக்கும் மறுபக்கம் தமிழ், முஸ்லிம் உழவருக்கும் சோறாகின்றது. மேலே ஒரு மரம் பட்டால் கீழே யாருடைய வயல் காயும் என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது. பொலித்தீன் உறையை வாயிலிற் கழற்றிக் கொடுப்பது அற்ப காரியமன்று என்பது அப்போது பிள்ளைகளுக்கு விளங்கிற்று.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. மாணாக்கரை அழைத்துச் செல்வதானால் தை முதல் பங்குனிவரை நல்ல காலம். விடியுமுன் புறப்படுக. கம்பளி உடையும் வழுக்காத பாதணியும் வேண்டும். உலக முடிவையும் காணவேண்டுமானால் முதலில் அதற்குச் சென்று, பின்னர் அருவிக்குத் திரும்புக. எம்மைப் போலச் செய்யாதீர்கள். பாடநூலைக் கொண்டுசெல்லவேண்டியதில்லை, பாடல்களை முன்னமே நெஞ்சில் வைத்துக்கொண்டு செல்லுதல் நன்று.

இதனை அன்றே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அருவியைப் பற்றி எழுதப் புகுந்தால் அந்தச் சிவப்புக் கீற்றையும் எழுதவேண்டி வரும். அதற்கு இத்தனை ஆண்டு சென்றது.

என்னிடம் படித்த அந்த மாணாக்கர் இன்று நாற்பதின் பிற்பாதியில் இருப்பார். எங்கே இருக்கின்றார் என்று அறியேன். இப்பக்கங்களை வாசிக்கும் பழக்கம் அவருக்கு இருந்தால், இதனையும் வாசிப்பார்.

தம்பி, உமது விடை சரி. நீர் கீழே நின்று கேட்டீர். புலவர் தூர நின்று கேட்டார். யான் கேட்கவேயில்லை. அந்தப் புள்ளியை இப்போது இடுகின்றேன்.